தூணோரத்து ஆல்டோ

அந்தப் போனை எடுத்துப் பேசுங்க தம்பி, இல்லன்னா அமத்தி வைங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க. அந்தப் பாட்டு மட்டும் என் காதுல விழக்கூடாது.

கோவிச்சுக்கிடாதீங்க. ஏறினதும் ஏறாததுமா இந்த மனுசன் எரிஞ்சு விழுதாரேன்னு நெனைப்பீங்க. ஜன்னலோரம் இடம் குடுத்தீங்க, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. கோவமெல்லாம் அந்தப் போனுக்குள்ள இருந்து பாடுதாளே, அவ மேலதான். காலையில டீக்கடையில அந்தப் பாட்டு. நேத்து பக்கத்து வீட்டுக் கல்யாணத்துல அந்தப் பாட்டு. இப்ப திருநெல்வேலி பஸ்ஸுலயும் அதே பாட்டுன்னா ஒரு மனுசன் எங்கதான் போவான்?

என்னது, நீங்களும் அங்கதானா? பாளையங்கோட்டையில சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அவ பாடுறதக் கேக்கவா? டிக்கெட்டு எடுத்தா? நல்லாருக்கு. கனி, கனின்னு ஊரே கொண்டாடுது. அவ முழுப்பேரு உங்களுக்குத் தெரியுமா? ஜெபக்கனி. எங்க ஞானசீலபுரம் கோயில்ல மணியடிச்ச கோயில்பிள்ளை சுவிசேஷமுத்து மக. கோயில்னா சர்ச்சு தம்பி, கோயில்பிள்ளைன்னா அதக் கூட்டிப் பெருக்கி மணியடிக்கிற ஆளு, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.

நானும் அந்தக் கச்சேரிக்குத்தான் போறேன். பாட்டுக் கேக்க இல்ல, கேள்வி கேக்க. அவ பாடி முடிச்சு எல்லாரும் கைதட்டுவாங்கல்லா, தட்டி ஓயட்டும். பொறவு நான் எந்திரிச்சு நிப்பேன். ஏ ஜெபக்கனி, இந்த மெட்டு உனக்கு எங்க இருந்து கெடைச்சுதுன்னு நாலு பேரு கேக்கச் சொல்லுன்னு கேப்பேன். இந்தா, மடியில ஒரு துணிப்பைய இறுக்கிப் பிடிச்சிருக்கேன் பாருங்க. இதுக்குள்ளதான் அத்தாட்சி இருக்கு. பதினாறு வருசத்து நோட்டு, நீல அட்ட போட்டது. தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு. தப்பிக்க முடியாது.

நான் யாருன்னு சொல்லலையே. ஆசீர் பொன்னையா. மின்வாரியத்துல முப்பத்தோரு வருசம் வீடு வீடாப் போயி மீட்டர் ரீடிங் எழுதினவன். ஆனா ஊருக்குள்ள யாரும் என்ன ஈ.பி.காரன்னு சொல்ல மாட்டாங்க, கொயர் மாஸ்டர்னுதான் சொல்லுவாங்க. இருபத்தெட்டு வருசம் எங்க கோயில் கொயர நடத்தினேன். அதுக்கு ஒரு பைசா வாங்கினது கிடையாது.

ரீடிங்க ஏன் சொல்ல வந்தேன்னா, என் எழுத்து அப்பேர்ப்பட்ட எழுத்து. கண்ணு பாத்தத மட்டும்தான் கை எழுதும். நாய் தொரத்தினாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, எண்ணு மாறாது. தப்பித்தவறி மாறிட்டாலும் அடிச்சு மறைக்கப்படாது. ஒத்தக் கோடு போட்டு, பக்கத்துல சரியான எண்ண எழுதி, கையெழுத்துப் போட்டு, திருத்தின தேதியும் போடணும். அதான் முறை. முப்பத்தோரு வருச சர்வீஸ்ல நான் ஒரு எழுத்த அடிச்சு மறைச்சது கிடையாது. கொயர் நோட்டையும் அப்படித்தான் வச்சிருந்தேன்.

கொயர்னா உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? சரி, சுருக்கமாச் சொல்லுதேன். ஒரே பாட்ட நாலு குரலாப் பிரிச்சுப் பாடணும். உச்சத்துல பொம்பளப் பிள்ளைங்க பாடுறது சோப்ரானோ. பாட்டோட மெட்டு அவங்ககிட்டதான் இருக்கும், ஊரு கேக்குறது அதத்தான். ஆம்பளைங்கள்ல மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். இதுக்கு நடுவுல, சோப்ரானோவுக்குக் கீழ, இன்னொரு பொம்பளக் குரல் போகும். அதான் ஆல்டோ. ஆல்டோவ யாரும் தனியாக் கேக்க மாட்டாங்க. நான் பிராக்டிஸ்லயே சொல்லுவேன், ஆல்டோ சரியாப் பாடினா ஒருத்தருக்கும் தெரியாது, தப்பாப் பாடினா ஊருக்கே தெரியும்னு. எல்லாரும் சிரிப்பாங்க. இந்தப் பிள்ள மட்டும் சிரிக்காது.

இப்பம் பேட்டி குடுக்குதா பேட்டி! எம் மக பிரிசில்லா மெட்ராஸ்ல இருந்து போன்ல அனுப்பி வச்சா, அப்பா பாருங்கன்னு. ஒரு பையன் எதுத்தாப்புல உக்காந்துகிட்டு கேக்கான், உங்க இசையோட வேர் எதுன்னு. நான் நிமிந்து உக்காந்துட்டேன் தம்பி. மறைப்பானேன், சட்டக் காலரக்கூட சரி பண்ணினேன், என்னமோ அவ என்னப் பாத்துட்டு இருக்கிற மாதிரி. ஏழு வருசம் வாரத்துக்கு ரெண்டு நாளு என் முன்னால நின்ன பிள்ளையாச்சே, என் பேரத்தான சொல்லணும்? என்ன சொன்னா தெரியுமா? மணின்னு சொல்லுதா. எங்கப்பா அடிச்ச கோயில் மணிதான் எனக்கு மொதச் சுருதிங்கா. கயித்த விட்ட பொறவும் மணிக்குள்ள ஒரு சத்தம் இரைஞ்சுகிட்டே இருக்கும், அத முனங்கி முனங்கித்தான் பாட வந்ததுங்கா.

மணி! அது கீறல் விழுந்த மணி தம்பி. நானே கமிட்டியில எத்தன தடவ சொல்லிருக்கேன் மாத்துங்கன்னு. எந்தச் சுரத்துலயும் சேராது, ரெண்டு சுரத்துக்கு நடுவுல கிடந்து அனத்தும். ஆனா ஒண்ணு சொல்லணும், அவ பொய் சொல்லல. சுருதி பிடிக்கிற என் பிட்ச் பைப்ப ஊதி அவ பாட்டு பதினொண்ணையும் வச்சுப் பாத்தேன். பதினொண்ணும் அந்த மணிச் சுருதியிலதான் நிக்குது, கால் சுரம் எறக்கி. கிட்டாரையே அதுக்குத் தக்கன எறக்கிக் கட்டிருக்கா. ஏன், நான் கேக்கக் கூடாதா? களவு நடந்திருக்கான்னு பாக்கணும்னா எல்லாத்தையும் கேட்டுத்தான ஆகணும். சிலத ரெண்டு மூணு தடவ கேக்க வேண்டியிருந்துச்சு.

அந்தப் பேட்டிய நாலாவது நிமிசத்துல அமத்திட்டேன். மொத்தம் நாப்பது நிமிசமாம். மணியக் கும்பிட்டுக்கிட்டுத் திரியட்டும், மனுசன் எதுக்கு?

இப்ப எந்த ஊரு, ஆழ்வார்திருநகரியா? சரி, நேரமிருக்கு. மொதல்ல இருந்து சொல்லுதேன்.

சுவிசேஷமுத்து ஒரு நாளு வந்து தலையச் சொறிஞ்சுகிட்டு நின்னான், மாஸ்டர், பிள்ள நல்லாப் பாடுதா, கொயர்ல சேத்துக்கிடுங்கன்னு. எங்க கொயர்ல அப்ப வாத்தியாரு பிள்ளைங்க, பேங்க்காரரு பிள்ளைங்க, எம் மக, ஐயரு மக எல்லாம் இருந்தாங்க. ஐயருன்னா எங்க குருவானவரு. கோயில்பிள்ளை மக வந்தா யாரும் மொகஞ்சுளிச்சிரக் கூடாதேன்னு எனக்கு ஒரு யோசன. இருந்தாலும் சேத்தேன். இன்னைக்கும் சொல்லுதேன், வேற மாஸ்டரா இருந்தா சேத்திருக்க மாட்டான். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. மூணாவது வரிசையில தூணுக்குப் பக்கத்துல நிப்பாட்டினேன். அங்கன நின்னா சபைக்கு மொகம் தெரியாது, யாருக்கும் ஒரு பேச்சும் வராது. பிள்ளைக்கும் கூச்சம் இருக்காது பாருங்க. அத அவளுக்காகத்தான் செஞ்சேன்.

குரலு கனமான குரலு. அதனால ஆல்டோ. ஆனா உச்சமும் போகும், அதையும் நான் கண்டுதான் வச்சிருந்தேன். ஒரு கிறிஸ்மஸுக்கு வந்து கேட்டா, சார், ஒரே ஒரு பாட்டு நான் சோப்ரானோ பாடட்டுமான்னு. எப்படிக் குடுக்க? பிரிசில்லா இருக்கா, ஐயரு மக இருக்கா. பொறவு பாப்போம் பிள்ளன்னேன். அந்தப் பொறவு ஏழு வருசத்துல வரல. அதுக்கு நான் என்ன செய்ய?

அப்பதான் எங்க கோயிலுக்கு நூறு வருசம் வந்தது. நூற்றாண்டுப் பாட்டு ஒண்ணு வேணும்னு கமிட்டி கேட்டுது. தம்பி, நான் அதுவர சொந்தமா ஒரு மெட்டுப் போட்டது கிடையாது. எல்லாம் அடுத்தவன் போட்டத அச்சுப் பிசகாமப் பாட வைக்கிறதுதான் என் வேல. இது ஒண்ணுதான் என் வாழ்க்கையில நானே போட்ட மெட்டு. மூணு மாசம். சைக்கிள்ல ரீடிங் எடுக்கப் போகும்போது மண்டைக்குள்ள அதான் ஓடும். வீட்டுக்காரி சோறு போட்டுட்டு நிப்பா, நான் தாளம் தட்டிக்கிட்டு இருப்பேன். மெட்டு வந்துட்டு. டெனர் எழுதினேன். பேஸ் எழுதினேன். ஆல்டோ மட்டும் எழுதல. நேரம் இல்ல. நேரம் இல்லங்கிறதும் ஒண்ணு, எழுதி எழுதிப் பாத்தேன், சரியா உக்காரவும் இல்ல. ஆல்டோதான, யாரு கேக்கப் போறான்னு பிராக்டிஸ்ல சொல்லிட்டேன், சோப்ரானோவுக்குக் கீழ எதையாவது பிடிச்சுகிட்டுப் போங்க பிள்ளைங்களான்னு.

மத்த பிள்ளைங்க சும்மா மெட்டையே மெதுவாப் பாடிச்சுங்க. இவ மட்டும் பாடினா. நாலாவது அடியில என் மெட்டு உச்சத்துக்கு ஏறும். எல்லாருக்கும் ஏறத்தான் தோணும். இவ ஏறல. எல்லாரும் மேல போக, இவ ஒரு படி கீழ எறங்கி, அங்கனயே நின்னு, கடைசியில ஒரு சின்னத் திருப்பம் திரும்பி வந்து மெட்டோட சேருதா. ஆர்கன் வாசிச்ச என் கை நின்னுட்டு. மூணு மாசமா நான் தேடினது அதுதான்னு எனக்கு அப்பவே தெரியும். அவ கண்ண மூடிட்டு நின்னா. இன்னொருக்கா பாடு பிள்ளன்னேன், பாடினா. நாலு தடவ பாட வச்சு நோட்டுல சுரம் சுரமா எழுதிட்டேன். நானேதான் எழுதினேன், என் கையாலதான். எழுதினது யாரு? நான். சுரம் தெரியுமா அவளுக்கு? தெரியாது. வாயில இருந்து வந்தது காத்தோட போகும் தம்பி. எழுதினவனுக்குத்தான பாட்டு?

சரி, கேளுங்க.

சுத்துப்பட்டு கோயில்களெல்லாம் சேந்து ஒரு கொயர் போட்டி வச்சாங்க. எங்க நூற்றாண்டுப் பாட்டப் பாடினோம். மொதப் பரிசு எங்களுக்குத்தான். வந்திருந்த நடுவர் ஒரு அம்மா, சங்கீதத்துல கரை கண்டவங்க. மைக்குல சொன்னாங்க, மெட்டு சுமார்தான், ஆனா அந்த ஆல்டோ இருக்கே, நான் இப்படி ஒரு ஆல்டோவக் கேட்டதில்ல, எழுதினவரு யாரு, ஆசீர் பொன்னையா, மேடைக்கு வாங்கன்னாங்க. விண்ணப்பத்துல என் பேருதான் இருந்துச்சு. நாந்தான் எழுதிக் குடுத்தேன். மேடைக்குப் போனேன். மால போட்டாங்க. மெட்டு சுமார்தான்னு சொன்னது ஒரு காதுல, கைதட்டு ஒரு காதுல.

கீழ எறங்கி வாறேன், தூணு மாதிரி முன்னால நிக்குதா இந்தப் பிள்ள. மொத்தக் கொயரும் நிக்குது, ஐயரும் நிக்காரு. சார், அது நான் பாடினதுதான, நோட்டுல என் பேரு போட்டிருந்தீங்களேங்கா. கத்தல தம்பி. மெதுவாத்தான் கேட்டா. கத்திருந்தாக்கூட நான் பொறுத்திருப்பேன். அவ்வளவு பேரு முன்னால, பதினெட்டு வயசுப் பிள்ள, கோயில்பிள்ளை மக, என்னக் கேக்கலாமா? மரியாத தெரியாத கழுதைக்கு எங் கொயர்ல இடம் இல்லன்னு சொல்லிட்டேன். போட்டிருந்த கொயர் அங்கிய அங்கனயே கழட்டி, மடிச்சு, பெஞ்சு மேல வச்சுட்டுப் போயிட்டா. பொறவு அவ கோயில் வாசப்படி மிதிக்கல. சுவிசேஷமுத்து மட்டும் சாகுற வர ஒரு நிமிசம் பிசகாம மணியடிச்சான், எங்கிட்ட ஒரு வார்த்த பேசல.

அதுக்குப் பொறவு நூற்றாண்டுப் பாட்ட ரெண்டு தடவ பாடிப் பாத்தோம். சரியா வரல. ஆல்டோவ யாராலயும் பிடிக்க முடியல. அப்படியே நின்னு போச்சு. இன்னைக்கு எங்க ஊருல போயி கேளுங்க, அந்தப் பாட்டு ஒருத்தருக்கும் தெரியாது. பிரிசில்லாவுக்கே மறந்துட்டு.

அவ பாளையங்கோட்டையில காலேஜு படிச்சா, பொறவு பெங்களூருல ஏதோ கம்பெனியில போன் எடுத்துப் பேசுற வேல. பழைய கிட்டார் ஒண்ண வாங்கி காப்பிக்கடையில நின்னு பாடிருக்கா. மொத நாளு ஆறு பேரு இருந்தாங்களாம், அதுல நாலு பேரு கடைக்காரங்களாம். எட்டு வருசம் அப்படிக் கிடந்திருக்கா. சினிமாவுல கூப்பிட்டாங்களாம், இன்னொருத்தர் மெட்டுக்கு இனிமே பாட மாட்டேன்னுட்டாளாம். பாத்தீங்களா திமிர? இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, தெரியும். போன்லதான் எல்லாம் வருதே.

போன வருசம் இந்தப் பாட்டு வந்தது. நான் டீக்கடையில கிளாசக் கையில வச்சிருக்கேன். ரேடியோவுல வருது.

உச்சியில பாடினவங்க ஊருக்கெல்லாம் தெரியும்,
ஓரத்துல நின்னவளத் தூணுக்குத்தான் தெரியும்,
மணி நின்ன பின்னாலயும் மணிச்சத்தம் இருக்கும்,
மறந்துபோன பாட்டுக்குள்ள என் சத்தம் இருக்கும்.

மொத வரியிலயே தெரிஞ்சு போச்சு. என் நோட்டுல இருக்கிற ஆல்டோ, ஒரு சுரம் மாறல. நாலாவது அடியில அந்த எறக்கம், அந்த நிப்பு, அந்தத் திருப்பம், எல்லாம் அப்படியே. டீ ஆறிப் போச்சு. களவாணி, களவாணின்னு கத்தினேன். கடைக்காரன் யாரு மாஸ்டர், எங்க மாஸ்டர்னு வெளிய எட்டிப் பாக்கான்.

ஒண்ணு சொல்லுதேன், யாருட்டயும் சொல்லாதீங்க. அவ என் மெட்ட எடுத்திருந்தா எனக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காது. சத்தியமாச் சொல்லுதேன். என் மெட்டு மேல இருந்துச்சு, ஆல்டோ கீழ இருந்துச்சு. ரெண்டும் சேந்து ஒரே பாட்டா இருந்துச்சு. அதுல என் மெட்ட அப்படியே உரிச்சுப் போட்டுட்டு ஆல்டோவ மட்டும் எடுத்துட்டுப் போயிட்டா. மறந்துபோன பாட்டாம். யாரு பாட்டு? என் பாட்டு. என் வாழ்க்கையில நான் போட்ட ஒரே பாட்டு. அவ ஆல்டோவ உலகமே பாடுது, என் மெட்ட எந்தப் பயலும் கேக்கல. வயிறு எரியுது தம்பி, எரியத்தான செய்யும்?

என்ன கேக்கீங்க? அவ ஆல்டோன்னா சொன்னேன்? பேச்சு வாக்குல வந்திருக்கும். அதப் பிடிச்சுகிட்டுத் தொங்காதீங்க.

ஸ்ரீவைகுண்டம் வந்துட்டு.

போன வாரம் தபால்ல ஒரு கவர் வந்தது. உள்ள ஒரு பாஸு, மொத வரிசையில. கூட ஒரு துண்டுச் சீட்டு, அவ கையெழுத்துல. மாஸ்டர், கட்டாயம் வரணும், அந்த நீல நோட்டையும் எடுத்துட்டு வாங்க, இப்படிக்கு ஜெபக்கனி. எதுக்கு நோட்டு? எனக்கு விளங்கிட்டு. இருக்கிற ஒரே அத்தாட்சி அது, அத நைசா வாங்கிக் கிழிச்சுப் போட்டுரலாம்னு பாக்கா. நானா குடுப்பேன்? கொண்டு வந்திருக்கேன், ஆனா குடுக்குறதுக்கு இல்ல, காட்டுறதுக்கு.

நீங்களே பாருங்க. படிச்சவரு, நீங்க நியாயத்தச் சொல்லுங்க. நாப்பத்திரெண்டாம் பக்கம். இந்தா சுரம். இந்தா தேதி. இந்தா அடியில என் கையெழுத்து. எழுத்து முத்து முத்தா இருக்கா? இதவிட என்ன வேணும்?

அதுவா? அது ஒண்ணுமில்ல, மை. தலைப்புல மை கொட்டிருக்கு. பேனா ஒழுகிருக்கும்.

ஆமா, பால்பாயிண்ட்தான். பால்பாயிண்ட் ஒழுகாதா? அத எதுக்கு வெளிச்சத்துல தூக்கிப் பிடிக்கீங்க? பின்பக்கத்தத் தடவிப் பாக்காதீங்க. குடுங்க இங்க. நான் சுரத்தப் பாக்கச் சொன்னா நீங்க தலைப்பப் பாக்கீங்க.

என்னது? அவ பேட்டியில இந்தப் பக்கத்தப் பத்திச் சொன்னாளா? எப்ப? நாந்தான் நாலு நிமிசத்துல அமத்திட்டேனே. பத்தாவது நிமிசத்துலயா? என்ன சொன்னா? இல்ல, போன்ல போட வேண்டாம், இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது. நீங்களே சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க.

எங்க மாஸ்டர் ஒருத்தர் இருந்தாருன்னாளா?

சரி.

நான் வாய்க்கு வந்தத முனங்கிக்கிட்டு நின்னேன், அவருதான் அத நிப்பாட்டி, திரும்பப் பாடச் சொல்லி, நோட்டுல எழுதினாரு. மேல என் பேரையும் எழுதினாரு. ஒரு பாட்டுக்கு மேல என் பேர நான் மொத மொத அங்கதான் பாத்தேன். என் வேர் மணியில பாதி, அந்தப் பக்கத்துல பாதி. பொறவு எனக்கும் அவருக்கும் சண்ட, அது வேற. அந்தப் பக்கத்த மட்டும் ஒரு நாளு மேடையில நின்னு எல்லாருக்கும் காட்டணும்.

இப்படியா சொன்னா? நீங்க சேத்துச் சொல்லலையே? அவரு, அவருன்னா சொன்னா? அவன்னு சொல்லல?

தண்ணி இருந்தாக் குடுங்க தம்பி.

நாந்தான் அடிச்சேன். மை கொட்டல. ஆல்டோ, ஜெபக்கனி பாடினபடின்னு எழுதிருந்தேன். அதுதான் என் பழக்கம், எங்க, என்னைக்கு, யாருன்னு எழுதாம என் கை நிக்காது. போட்டி முடிஞ்ச அன்னைக்கு வீட்டுக்குப் போயி, கழுத்துல மால கூட கழட்டல, நோட்ட விரிச்சு வச்சு அடிச்சேன். ஒரு கோடு இல்ல. மேலயும் கீழயும் குறுக்கயும், தாளு கிழியுற மட்டும் அடிச்சேன். வீட்டுக்காரி அடுக்களையில இருந்து என்ன அங்க கீச்சுகீச்சுன்னு சத்தம்னு கேட்டா. ரீடிங்கத் திருத்துதேன்னு சொன்னேன்.

அவளுக்கு இது தெரியாது தம்பி. நான் பரிசத்தான் எடுத்துக்கிட்டேன், பேரு அங்கனயேதான் இருக்குன்னு நெனைச்சுகிட்டு இருக்கா. பதினாறு வருசமா நெனைச்சுகிட்டு இருந்திருக்கா. இன்னைக்கு மேடையில நின்னு, மாஸ்டர் நோட்டக் குடுங்கன்னு கையை நீட்டுவா. நான் என்னத்தக் குடுக்க? ஆயிரம் பேரு முன்னால இந்தப் பக்கத்த எப்படி விரிக்க?

இது என்ன, செய்துங்கநல்லூரா? நான் இங்கனயே எறங்கிருதேன். எதுத்த பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்குப் போறேன். நோட்டு காணாமப் போச்சுன்னு எழுதிப் போட்டாப் போச்சு. கையை விடுங்க தம்பி. விடுங்கன்னா.

அட, பஸ்ஸ எடுத்துட்டான். நல்லாப் பிடிச்சீங்க போங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?

என்னது, இப்பவே திருத்தி எழுதவா? பேனாவா? பேனா இருக்கு. இந்தச் சட்டப்பையில பேனா இல்லாம நான் வெளிய எறங்கினதே இல்ல. நோட்ட உங்க மடியில வச்சு ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிங்க, வண்டி குலுங்குது. அடிச்சதுக்கு மேலயே எழுதக்கூடாது, அது பித்தலாட்டம். அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும். பக்கத்துல எழுதணும். ஆல்டோ. ஜெபக்கனி பாடினபடி. கோணுது பாருங்க, என் எழுத்தா இது? பரவாயில்ல. கீழ கையெழுத்து. இன்னைக்கு என்ன தேதி? இன்னைத் தேதிதான் போடணும், அன்னைத் தேதியப் போட்டா அதுவும் களவு.

இதுக்காக நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனைச்சிராதீங்க. மரியாத இல்லாமக் கேட்டது அவதான். அத நான் விட மாட்டேன். சுரம் எழுதினது ஆசீர் பொன்னையான்னு அவளும் மேடையில சொல்லித்தான் ஆகணும். சொல்லலன்னா எந்திரிச்சு நின்னு கேக்கத்தான் செய்வேன். மெட்டு சுமார்தான்னு அந்த அம்மா சொன்னத மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லணும்.

உங்க போனு அடிக்குது, அதே பாட்டு.

எடுக்காதீங்க. அமத்தவும் வேண்டாம், அது பாட்டுக்கு அடிக்கட்டும். யாரா இருந்தாலும் பொறவு பேசிக்கிடலாம். நாலாவது அடி வரட்டும் தம்பி.